மட்டமாக நின்ற வண்டி

2024 ஐப்பசியில் ஒரு மழை நாள். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் அம்மா, மடியில் இலை விபூதிப் பொட்டலம். செய்துங்கநல்லூரைத் தாண்டும்போது ரோட்டோரம் நின்ற வெள்ளாட்டுக் குட்டி ஒன்று திடீரென்று குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். குட்டி தப்பித்துவிட்டது. வண்டியும் நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. மூக்கு வலதுபக்கம் திரும்பி, ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டி நின்றது. எதிரே வந்த பஸ்காரர் சுதாரித்து மண்ணில் இறக்கி ஓட்டிப்போனார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து எனக்கு விபூதி பூசிவிட்டார்கள். அந்த விரல் நடுங்கியது இன்னமும் நெற்றியில் இருக்கிறது.

வேகம் 50-க்கு மேல் இல்லை. டயர் நான்கும் புதிது. பிரேக் பேட் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, சரியாகப் பதினெட்டு நாளுக்கு முன்னால்தான் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்திருந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் தாள் மடித்தபடி டாஷ்போர்டில் இருந்தது. எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது எல்லா அளவும் சரி. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியில் எதுவோ தப்பு, தாளில் எதுவும் தப்பில்லை. இதில் எதை நம்புவது? அந்தக் கேள்வியோடு ஒரு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலின் கதைதான் இது.

எங்கள் வண்டி 2004 மாடல் குவாலிஸ். 2000-இல் இந்தியாவுக்கு வந்து 2005-இல் இன்னோவாவுக்கு வழிவிட்டு நின்றுபோன அதே குவாலிஸ். அப்பா வாங்கியது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி அவசரம் எதுவானாலும் முதலில் இந்த வண்டியைத்தான் கேட்பார்கள். முன்பக்கம் சக்கரத்தைப் பிடிக்க மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம், சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார். பின்பக்கம் மாட்டுவண்டிக் காலத்திலிருந்து வரும் பட்டைக் கட்டு, எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். டார்ஷன் பார் என்பது வண்டிக்கு அடியில் நீளவாக்கில் போகும் ஒரு எஃகுக் கம்பி. ஒரு முனை ஆர்மைப் பிடித்திருக்கும், மறுமுனை சேஸியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், மாட்டியிருக்கும். சக்கரம் மேலே ஏறும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். துணி பிழியும்போது கையில் தெரிகிற அந்த எதிர்ப்புதான் அதன் ஸ்பிரிங் வேலை. சேஸி பக்கத்து முனையில் ஒரு போல்ட் உண்டு. அதை முறுக்கினால் வண்டியின் முன்பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். பழைய அம்பாசடரிலும் முன்னால் டார்ஷன் பார்தான், டாடா சுமோவிலும் அதுதான். அதனால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது கைப்பழக்கம். ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் இருந்தால் வண்டியைத் தூக்கிவிடலாம். சுலபமாகச் செய்ய முடிகிறது என்பதே இதில் உள்ள ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன்.

ஏன் ஏற்றினோம்

2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ரோடுகள் அரித்துப்போயின. அதற்குப் பிறகு பல மாதம் அந்த வழியில் போவதென்றால் பள்ளத்துக்குப் பள்ளம் இறங்கி ஏறுவதுதான். எங்கள் குலதெய்வம் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்குள் இருக்கும் ஒரு சாஸ்தா. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போவோம். பத்துப் பேர், பொங்கல் பானைகள், அரிசி, விறகு எல்லாம் ஏற்றினால் செம்மண் தேரியில் வண்டியின் அடிவயிறு உரசும். 'கொஞ்சம் தூக்கிவிட்டால் என்ன?' என்று அப்பாவும் நானும் பேசி, 2024 தை மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம்.

அங்கே மெக்கானிக் முதலில் ஒன்று கவனித்தார். டிரைவர் பக்கம், அதாவது முன் வலது, தாழ்ந்து நிற்கிறது. டேப் வைத்து அளந்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் இடதுபக்கத்தைவிட 12 மில்லிமீட்டர் குறைவு. "இருவது வருசமா டிரைவர் உக்காந்து உக்காந்து அந்தப் பக்கத்துப் பார் தளந்துபோச்சு" என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. அதனால் இரண்டு பக்கமும் போல்ட்டை முறுக்கி, வலதுபக்கம் மட்டும் கூடுதலாக முறுக்கி, மறுபடி டேப் வைத்தார். இடமும் வலமும் ஒரே அளவு. முன்பு இருந்ததைவிட 40 மில்லிமீட்டர் உயரம். நான் கொஞ்ச தூரம் பின்னால் போய் நின்று பார்த்தேன். வண்டி மட்டமாக, நிமிர்ந்து, இளமை திரும்பியது மாதிரி நின்றது. அலைன்மெண்ட் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். "டை ராடுல கையே வைக்கலையே, உயரம் மட்டுந்தானே ஏத்தியிருக்கு" என்றார். டை ராடு என்பது சக்கரத்தைத் திருப்பும் கம்பி, சக்கரம் பார்க்கும் திசையை அதில்தான் திருத்துவார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். அந்தச் 'சரி'யை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

முதல் நாளே வண்டி மாறிவிட்டது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் கடகடவென்று இடித்தது. பாரை முறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நம்மூரில் எல்லாருமே சொல்வார்கள். அது உண்மையில்லை. ஒரு கம்பி எவ்வளவு விறைப்பு என்பது அதன் கனத்தையும் நீளத்தையும் பொறுத்தது. போல்ட்டைச் சுற்றுவதால் கம்பி தடிக்கப் போவதும் இல்லை, குறுகப் போவதும் இல்லை. வண்டி உயர்ந்ததும் ஆர்ம் கீழ்நோக்கித் தொங்கும் நிலைக்குப் போய்விடுகிறது. பள்ளம் வரும்போது சக்கரம் இன்னும் கீழே இறங்க வேண்டும், ஆனால் இறங்க மிச்ச இடம் இல்லை. ஆர்ம் போய்த் தடுப்பு ரப்பரில் மோதுகிறது. நமக்குக் கடினமாகத் தெரிவது அந்த மோதல்தான். பள்ளத்துக்காகத் தூக்கிய வண்டி, பள்ளத்தில் இறங்குவதற்கான இடத்தை இழந்துவிட்டது.

அப்புறம் ஸ்டீயரிங் கனத்தது. முன்பக்கம் 40 மில்லிமீட்டர் உயர்ந்தால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் இரண்டரை மீட்டர் உள்ள வண்டி ஏறக்குறைய ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. காஸ்டர் என்று சொல்கிற கோணமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடிவிடுகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வுதான். சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணம் அதனால் கூடும், திருப்பும் கைக்குப் பாரமும் கூடும். இராத்திரி நாங்குநேரி நான்கு வழிச்சாலையில் எதிரே வருகிறவர்கள் எல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஒரு டிகிரிச் சாய்வு, 30 மீட்டருக்கு அப்பால் வெளிச்சத்தை அரை மீட்டர் மேலே தூக்கிவிட்டது என்று பின்னால்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை பேர் கண்ணைக் கூச வைத்தேனோ.

டயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலாயிரம் கிலோமீட்டர் கூட ஓடியிருக்காது. ஒருநாள் காற்று அடிக்கும்போது முன் டயரின் மேல் கையைத் தடவினேன். உள்ளிருந்து வெளியே தடவினால் ஒரு மாதிரி, வெளியிலிருந்து உள்ளே தடவினால் வேறு மாதிரி. ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் ஒவ்வொரு பட்டனும் விரலைக் கிழிக்கிறது. பனை மட்டையின் கருக்கைத் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே போல. இரண்டு முன் டயரும் அப்படித்தான் இருந்தன. உள் ஓரம் வேறு மொட்டையாகிவிட்டது. டயர் நேராக உருளாமல், ஓயாமல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போனால்தான் இப்படித் தேயும்.

டை ராடைத் தொடாமலே இது எப்படி வந்தது என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் ரொம்ப எளிதாக இருந்தது. தோட்டத்துக் கிணற்றில் துலா மரம் பார்த்திருப்பீர்கள். அதன் முனை நேராக மேலே போவதில்லை, ஒரு வளைவில் போகிறது. ஏறும்போது கொஞ்சம் உள்ளே வரும், இறங்கும்போதும் கொஞ்சம் உள்ளே வரும். சஸ்பென்ஷன் ஆர்மும் அப்படி ஒரு துலாதான். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் ஒரு துலாதான். இரண்டுக்கும் நீளம் வேறு, அச்சு வேறு. அதனால் இரண்டும் போகும் வளைவும் வேறு. வடிவமைத்தவர்கள் ஒரு குறிப்பிட்ட உயரத்தை மனதில் வைத்து, அந்த உயரத்துக்கு அக்கம்பக்கத்தில் இரண்டு வளைவும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகும்படி அமைத்திருப்பார்கள். வண்டியை அந்த உயரத்திலிருந்து நகர்த்திவிட்டால் ஆர்ம் ஒருபக்கம் இழுக்கிறது, டை ராடு வேறுபக்கம் இழுக்கிறது, நடுவில் சக்கரம் திரும்பிக்கொள்கிறது. எங்கள் வண்டியில் இரண்டு சக்கரமும் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. டோ அவுட் என்பார்கள். சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தைக் கேம்பர் என்பார்கள். அதுவும் அப்படித்தான்: மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நெட்டை, அதனால் வண்டி உயர உயர சக்கரத்தின் தலை வெளியே சாயும், தாழத் தாழ உள்ளே சாயும்.

பச்சை

டயரைப் பார்த்ததும் அலைன்மெண்ட் கடைக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் காட்டிய முதல் கணக்கு: ஒவ்வொரு முன் சக்கரமும் 0.45 டிகிரி வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. அரை டிகிரி கூட இல்லை, கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் 60 கிலோமீட்டர் என்றால், ஒருமுறை போவதற்குள் அரைக் கிலோமீட்டர் தூரம் டயரைக் குறுக்கே தேய்த்திருக்கிறேன். நாலாயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

புது டயர் போட்டேன். டோவைச் சரிசெய்தார்கள். கேம்பரும் காஸ்டரும் திருத்த முடிந்த அளவுக்குத் திருத்தினார்கள். எல்லாம் பச்சை. வண்டி நேராக ஓடியது. நிம்மதியாக இருந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் முன் வலது டயர் மட்டும் இடதைவிட வேகமாகத் தேய்வது தெரிந்தது. பிரேக் அடித்தால் லேசாக வலதுபக்கம் இழுத்தது. காய்ந்த ரோட்டில் லேசாக, ஈர ரோட்டில் கூடுதலாக. பிரேக்கைக் கழற்றிப் பார்த்தோம். பேடை அழுத்தும் காலிப்பர் இரண்டும் நன்றாக நகர்கின்றன, பிரேக் ஆயில் போகும் ஹோஸில் அடைப்பில்லை. பேடை மாற்றினேன், பலனில்லை. மறுபடி அலைன்மெண்ட். மறுபடி பச்சை. செய்துங்கநல்லூர் சம்பவத்துக்கு அடுத்த நாள் மூன்றாவது முறையாக அதே கடைக்குப் போனேன். அந்தத் தம்பி பொறுமையாக மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டி, திரையைக் காட்டி, "எல்லாம் பச்சைதான் சார். இதுக்கு மேல என்ன செய்யச் சொல்லுதிய?" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கருவி கேட்கிற கேள்விக்கு வண்டி சரியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று அது பார்க்கிறது. எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

களம்

களக்காட்டுப் பக்கம் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். அம்பாசடர் டாக்சிகள் ஓடிய காலத்தில் ஸ்பேனர் பிடித்தவர். இப்போது பெரிதாகக் கடை வைத்து எதுவும் செய்வதில்லை, தேடி வருகிறவர்களுக்கு மட்டும் பார்த்துக் கொடுக்கிறார். அப்பாவுக்கு அவரைத் தெரியும். போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டிக்கு அடியில் போகவே இல்லை. நடந்ததை வரிசையாக ஒருமுறை கேட்டார், பிறகு "பக்கத்துல ரைஸ்மில் களம் இருக்கு. அங்க கொண்டுபோங்க தம்பி" என்றார்.

நெல் காயப்போடும் சிமெண்டுக் களம். அதுவும் தண்ணீர் வடிய ஒருபக்கம் வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பார்கள். அதனால் அவர் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தார். தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரித் தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு முனையோடு நான்கு சக்கரம் நிற்க வேண்டிய நான்கு இடத்துக்கும் நடந்தார். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்து, தாழ்ந்த இடங்களில் தகரத் துண்டுகளை அடுக்கி, நான்கு இடத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்தார். பிறகு நான்கு டயருக்கும் காற்று பார்த்தார். வண்டியை ஏற்றி நிறுத்தி, முன்னும் பின்னும் ஒரு அடி உருட்டி, ஒவ்வொரு மூலையிலும் பலமாக அமுக்கி விட்டார். ஜாக்கியில் நின்றோ திரும்பியோ வந்த வண்டி உடனே தன் உயரத்துக்கு வராது, இறுக்கம் விட வேண்டும். இவ்வளவுக்கும் அரை மணி நேரம். இதுவரை எந்தக் கடையிலும் யாரும் இதைச் செய்யவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

டேப் வைத்தார். முன் இடது, முன் வலது ஒரே அளவு. பின்பக்கமும் கண்ணுக்கு மட்டம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "முன்னால மட்டமாத்தான் நிக்கு. இப்ப பின்னால உள்ள பலத்த எடுத்துட்டுப் பாப்போம்" என்றார்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தார். கைபிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், அவற்றைத் தூக்கப் போகிறோம் என்பதால் அதை நம்ப முடியாது. யாரும் அடியில் குனியக் கூடாது என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு பின் அச்சின் நட்ட நடுவில், அந்த உருண்டையான டிஃபரன்ஷியல் வீட்டுக்கு அடியில், ஒரே ஒரு ஜாக்கியை வைத்துத் தூக்கினார். பின் டயர்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியதும் நிறுத்தினார். இப்போது வண்டியின் பின்பாதி ஒரே புள்ளியில் உட்கார்ந்திருக்கிறது. அச்சு இடமும் வலமும் தராசு முள் மாதிரி ஆடலாம். அதாவது, வண்டி இடப்பக்கம் சாய வேண்டுமா வலப்பக்கம் சாய வேண்டுமா என்பதில் பின் பட்டைகளுக்கு இனிப் பேச்சே கிடையாது. முன் பார்கள் இரண்டும் மட்டும்தான் முடிவு செய்யும்.

ஜாக்கி ஏற ஏற வண்டியின் முன் வலது மூலை மெதுவாக மேலே எழும்பியதை என் கண்ணால் பார்த்தேன். முன் இடது மூலை தாழ்ந்தது. அவர் டேப்பை என் கையில் கொடுத்து என்னையே அளக்கச் சொன்னார். முன் வலது, இடதைவிட 22 மில்லிமீட்டர் உயரம். சற்று முன் ஒரே அளவு காட்டிய அதே டேப், அதே களம், அதே வண்டி.

அவர் ஜாக்கிக் கம்பியை ஊன்றி நின்றபடி, "பின்னால இடப்பக்கத்துப் பட்டையில எப்பவாது கைய வச்சியளா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறோம். 2022 குற்றால சீசனில், அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது ஆலங்குளத்துக்கு அருகே பின் இடது மெயின் பட்டை முறிந்தது. வண்டி நிறைய ஆட்கள், பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரோட்டோரப் பட்டறை ஒன்றில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் புதுப் பட்டை போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். வலதுபக்கம் பதினெட்டு வருடம் பாரம் சுமந்து சோர்ந்த பழைய பட்டை, இடதுபக்கம் நல்ல வளைவோடு புதுப் பட்டை. அதற்குப் பிறகுதான் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நான் அப்பாவிடம் சொன்னதும், "ஏல, அது ரோட்டு வாட்டம்ல. எல்லா வண்டியும் இடப்பக்கந்தான் போவும்" என்றார்கள். நம் ரோடுகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சரிந்துதான் இருக்கும் என்பதால் அதையும் நம்பினேன்.

நடந்தது இதுதான். நாலு கால் கட்டிலில் ஒரு கால் நீளம் என்றால், அந்தக் காலிலும் அதற்கு மூலைவாட்டமாக எதிரே உள்ள காலிலும்தான் பாரம் விழும். மற்ற இரண்டு காலும் பேருக்கு நிற்கும். பின் இடது உயர்ந்ததும் வண்டி சாய்ந்து, முன் வலது அமுங்கியது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்த 12 மில்லிமீட்டர் தாழ்வு டிரைவர் பாரத்தால் வந்ததே இல்லை. பின் இடது பட்டை, மூலைவாட்டமாக முன்னால் வந்து காட்டிய முகம் அது. முன் வலது அமுங்கியதால் அந்தச் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தது, இடதுசக்கரத்தின் தலை வெளியே சாய்ந்தது. தலை வெளியே சாய்ந்த பக்கத்துக்கு வண்டி இழுக்கும், அதனால் இடப்பக்க இழுப்பு. அதைப் புரிந்துகொள்ளாமல் முன் வலது போல்ட்டை முறுக்கி வண்டியை மட்டமாக்கினோம். பின்னால் ஒரு தப்பு, அதை மறைக்க முன்னால் இன்னொரு தப்பு. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றதில் வண்டி மட்டமாகத் தெரிந்தது, கோணங்கள் பச்சையாகின. ஆனால் முன் வலதிலும் பின் இடதிலும் பாரம் கூடிவிட்டது, முன் இடது லேசாகிவிட்டது. ஈர ரோட்டில் பிரேக்கை அழுத்தியதும் லேசான முன் இடது சக்கரம் பிடிப்பை விட்டுவிட்டது, பாரமான முன் வலது பிடித்துக்கொண்டது. வண்டி பிடித்த பக்கம் திரும்பியது. செய்துங்கநல்லூரில் பஸ்ஸைப் பார்த்து மூக்கைத் திருப்பியது அந்த 2022-ஆம் வருடத்துப் பட்டைதான்.

களத்திலிருந்து கிளம்பியபோது பொழுது இறங்கிவிட்டது. வழியெல்லாம் நான் 30-க்கு மேல் போகவில்லை.

இறக்கி ஏற்றியது

அடுத்த வாரம் இரண்டு பட்டைக் கட்டையும் இறக்கினோம். தரையில் பக்கத்தில் பக்கமாக வைத்து, முனைக்கு முனை நூல் கட்டி வளைவை அளந்தால் இடது 18 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டுக்கும் மெயின் பட்டை ஒரே மாதிரி புதிதாகப் போட்டு, கட்டின் வளைவை ஒன்றாக்கி, முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களை மாற்றினோம். பட்டையைச் சேஸியோடு மாட்டும் ஷாக்கிள் போல்ட்டை அண்ணாச்சி உடனே முழுதாக இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கே உயரத்தைக் கொஞ்சம் மாற்றும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். இதெல்லாம் எந்தத் தாளிலும் வராத விஷயம், ஆனால் தாளில் வருகிற எண்ணைத் தீர்மானிக்கிற விஷயம்.

முன்னால் போல்ட் இரண்டையும் தளர்த்தி, பின்பக்கத்தை மறுபடி நடு ஜாக்கியில் தூக்கி, முன் பார்கள் மட்டும் தாங்கும்போதே இடமும் வலமும் ஒன்றாக வரும்படி வைத்தார். பிறகு ஜாக்கியை இறக்கினார். அப்போதும் ஒன்றாகவே இருந்தது. உயரத்தை எவ்வளவு வைப்பது என்று நாங்கள் கொஞ்சம் வாதாடினோம். அப்பாவுக்குத் தேரிக்காடு கவலை. கடைசியில் பழைய உயரத்தைவிட 15 மில்லிமீட்டர் மட்டும் கூட வைத்தோம், ஆர்முக்கும் கீழ்த் தடுப்பு ரப்பருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டு. அதற்குப் பிறகுதான் அலைன்மெண்ட். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங் எதிலும் ஆட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு, முதலில் காஸ்டர், அப்புறம் கேம்பர், கடைசியில் டோ. முன்னதைத் தொட்டால் பின்னது மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. அதே கடை, அதே தம்பி. டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை இரண்டை வைக்கச் சொன்னேன், என் பாரத்துக்குப் பதிலாக. அவன் கேள்வி கேட்காமல் வைத்தான். உயரத்தை நான்கு மூலையிலும் அளந்து தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னதும் அதையும் செய்தான். அதற்குப் பிறகு வேறு சில வண்டிகளுக்கும் அவன் டேப்பை எடுப்பதைப் பார்த்தேன்.

இப்போது எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் என் கண் அதன் நான்கு மூலைக்குத்தான் போகிறது. வண்ணாரப்பேட்டையில் சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் டாக்சிகளைப் பார்க்கிறேன். பாதி வண்டியில் சுருள் ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபரைச் செருகியிருக்கிறார்கள். ஸ்பீடு பிரேக்கரில் அடிபடாமல் இருக்க வேண்டும் என்கிற அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. பெட்டி நிறைய லக்கேஜோடு ஏர்போர்ட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு அது நிஜமான தேவை. ஆனால் பஃபர் ஒரு சுற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது, மிச்சச் சுற்றுகள் விறைக்கின்றன, உயரமும் மாறுகிறது. போட்டவர்கள் அலைன்மெண்ட் பார்த்தார்களா என்று கேட்டால், 'அது எதுக்கு, பஃபர்தானே' என்கிறார்கள். என்னிடம் ஒர்க்‌ஷாப்பில் சொன்ன அதே வார்த்தை. கொஞ்சம் பெரிய டயர் போட்டு உயர்த்துவது வேறு கதை. அதில் ஆர்மின் கோணம் மாறாது, ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும், மட்கார்டில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பாடிக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ள தூரத்தை மாற்றினால் மட்டும் எல்லாக் கோணமும் கூடவே நகரும். பட்டையோ ஸ்பிரிங்கோ ஒருபக்கம் முறிந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருபக்கச் செலவை மிச்சம் பிடித்து நான் கொடுத்தது ஒரு ஜோடி டயர், மூன்று அலைன்மெண்ட், ஒரு செட் பேட். அந்த பஸ்காரர் மண்ணில் இறக்கியிராவிட்டால் என்ன கொடுத்திருப்பேன் என்று நினைக்கவே முடியவில்லை.

2025 பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது, ஆட்கள் ஏறுவதற்கு முன்னால் வீட்டு வாசலிலேயே நான்கு மூலையையும் அளந்தேன். பத்துப் பேரும் பானைகளும் ஏறிய பிறகு மறுபடி அளந்தேன். பின்பக்கம் இரண்டு மூலையும் ஒரே அளவு இறங்கியிருந்தன. சித்தி பிள்ளைகள் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போட்டி போட்டார்கள். தேரி மணலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அடியில் உரசியது. திரும்பும்போது செய்துங்கநல்லூர் தாண்டி, முன்னும் பின்னும் ஆளில்லாத இடமாகப் பார்த்து, சொல்லிவிட்டே பிரேக்கை அழுத்தினேன். அம்மா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டி தன் கோட்டிலேயே நின்றது.

போன வாரம் டயரைத் தடவிப் பார்த்தேன். ஏழாயிரம் கிலோமீட்டர், இரண்டு திசையிலும் கை ஒரே மாதிரி வழுக்குகிறது. நான் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் முன் வலது 3 மில்லிமீட்டர் தாழ்கிறது. அண்ணாச்சியிடம் போன் செய்து சொன்னேன். "அது உங்க எடை தம்பி. அதுக்குப் போல்ட்டத் தொடாதிய" என்றார். தொடவில்லை.